மூன்றாவது கரிக்காரியின் மூன்று விநாடி

"நான் செத்தது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் ரேவின்.

டெஸ் கில்லீஸின் வாயில் அப்போது பாதி சீஸ் ரோல் இருந்தது. அதை மென்று விழுங்குகிற சாக்கில் யோசிப்பதற்கு நாலு விநாடி கிடைத்தது. நாலு விநாடியில் என்ன பெரிய யோசனை வந்துவிடும்? பொய்தான் வந்தது.

"அழுதுட்டேன்" என்றார்.

"நீயா?"

"நான்தான். பக்கத்து சீட்டுக்காரன் கைக்குட்டை குடுத்தான்."

ரேவின் அவரையே பார்த்தாள். தலையில் பித்தளைக் குழாய் முளைத்த தொப்பி, நெற்றியில் தண்ணீர்க்குழாய் வளையத்தில் செய்த கண்ணாடி, இடுப்பில் மூச்சு விட இடமில்லாத தோல் கச்சை. இத்தனை அலங்காரத்துக்கும் நடுவில் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் டெஸ் அந்த முகத்தை இப்படி நாலைந்து தடவைதான் பார்த்திருப்பார்.

"நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"அதைவிட நல்லாச் சாக முடியாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு சீஸ் ரோலை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், டெஸ் அதைப் பார்க்கவே இல்லை.

ஓமரு என்கிற அந்தச் சின்னத் துறைமுக ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. மின்சாரம் என்ற ஒன்று வராமலே போய், உலகம் முழுக்க நீராவியில் ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, அதற்குத் தோதாக உடுத்திக்கொண்டு துறைமுகத் தெருவில் திரிவார்கள். அந்த ஊர்ப் பையன் ஃபின்லே பாக்ஸ்டர் வெலிங்டனில் சினிமா படித்துவிட்டு வந்து, இவர்களையே வைத்து 'கொதிகலன் அரசி' என்று ஒரு படம் எடுத்தான். நூற்று நாற்பது பேர் சம்பளம் இல்லாமல் நடித்தார்கள். மேகம் தயாரிக்கும் ஆலை, நிலக்கரி தின்னும் பித்தளை டிராகன், நெஞ்சில் அழுத்தமானி பொருத்திய அரசி, எல்லாம் உண்டு. கதை மட்டும் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேவினுக்கு மூன்றாவது கரிக்காரி வேடம். ஆகாயக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவள், கொதிகலன் வெடிக்கும்போது சாகிறாள். மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடிக்காக நாலு மாதம் அடுப்படித் தரையில் செத்துச் செத்துப் பழகினாள். டெஸ் அவளைத் தாண்டித்தான் தினமும் டீ போட்டுக் குடித்தார்.

படத்தின் முதல் காட்சி சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, பழைய தானியக் கிடங்கில். அதே சனிக்கிழமை இரண்டரைக்கு ஆஸ்திரேலியாவோடு ரக்பி. ஃபின்லே அந்தத் தேதியைக் குறித்தபோது ஊரில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்றால், எல்லார் கண்ணிலும் பட்டது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர் சந்தோஷத்தில் மண் விழுகிற மாதிரி எதையும் முகத்துக்கு நேரே சொல்லாத ஊர் அது. அப்படி ஒரு நாகரிகம்.

ரேவின் மட்டும் வீட்டுக்குள் சொல்லிவிட்டாள். "சேத்துல முப்பது தடியனுங்க ஒருத்தன் மேல ஒருத்தன் விழறதைப் பார்க்கறதுக்காக நீ எந்திரிச்சுப் போனேன்னு வையி, அதுக்கப்புறம் நீ உன் பால் மெஷினோடயே குடித்தனம் நடத்திக்க வேண்டியதுதான்."

டெஸ் பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். அதோடு குடித்தனம் நடத்துவது அவருக்குச் சிரமமில்லை, ஆனாலும் அவருக்கு ரேவினைப் பிடிக்கும். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

நடித்தவர்களுக்கு முன்வரிசை, குடும்பத்தாருக்குப் பின்வரிசை. இடைவேளையில் டெஸ் காலாற நடப்பது போல வெளியே வந்தார். கால் தானாகவே கம்பளிக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனது. கை தானாகவே ரேடியோவைத் திருகியது. கண்ணாடியில் பனி படர, ஒன்றேமுக்கால் மணி நேரம் விரல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நம்மவர்கள் ஜெயித்தார்கள். ஒருத்தரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியாத வெற்றி. கூட்டம் டீ குடிக்க வெளியே வருகிற நேரமாகப் பார்த்து அதோடு கலந்துகொண்டார்.

இதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் டெஸ்தான் 'துறைமுக விளக்கு' வாரப் பத்திரிகையின் சினிமா விமர்சகர். பதினாலு வருஷமாக எழுதுகிறார். கூலி, மாதம் இரண்டு இலவச டிக்கெட்.

திங்கட்கிழமை எழுத உட்கார்ந்தார். முதல் பாதியைப் பற்றி, "புகை நன்றாகப் பதிவாகியிருக்கிறது" என்று ஒரு வரி. பிறகு அடுப்படித் தரையை மனதில் கொண்டுவந்து, மிச்சத்தை முழுக்க ரேவினுக்கே கொடுத்துவிட்டார். குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அதைப் போல எழுத வைக்கிற வஸ்து வேறு கிடையாது.

"மண்வெட்டியை விடாமல், கண்ணை மூடாமல், சத்தமே இல்லாமல் அந்த மூன்றாவது கரிக்காரி சாகிறாள். மூன்று விநாடி. அரசிகள் வருவார்கள், போவார்கள். கரி அள்ளுகிறவர்கள்தான் கப்பலைப் பறக்க வைக்கிறார்கள் என்பதை இந்த மூன்று விநாடி சொன்ன மாதிரி மூன்று மணி நேரப் படமும் சொல்லவில்லை."

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. ரேவின் அதை ஏழு தடவை படித்தாள். வெட்டி எடுத்து ஐஸ் பெட்டியில் ஒட்டினாள். டெஸ்ஸுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கால் வறுவல்.

ஊர் முழுக்க அதே பேச்சு. கறிக்கடை ஓவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரேவினின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க செத்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு."

"நிஜமாவா ஓவன்?"

"அந்தக் கண்ணு இருக்கே. மூடவே இல்லையே. ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லை."

தபால்காரி சொன்னாள், நூலகத்துக்காரர் சொன்னார், பல் டாக்டர் அவள் வாயில் கருவியை வைத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வாரம் டெஸ் ஒரு பண்ணையில் உறிஞ்சு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். ஃபின்லே நல்ல செருப்போடு சாணிக்குள் இறங்கி வந்து நின்றான்.

"டெஸ், நீங்க படத்தை முழுசாப் பார்த்தீங்களா?"

"பார்க்காம எழுதுவேனா தம்பி?"

"ரேவின் சாகறதை?"

"பார்த்தேன். அழுதேன்."

"அது படத்துல இல்லை டெஸ்."

டெஸ் பம்புக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். "இல்லைன்னா?"

"வெட்டிட்டேன். அவங்க விழறப்ப பின்னாடி ஒரு ஆள் நாயோட நடந்து போறாரு. கையில பிளாஸ்டிக் பை. நாய் போனதை அள்ளறதுக்கு. நீராவி ராச்சியத்துல பிளாஸ்டிக் பை எங்கேர்ந்து வரும்?"

"அதை அவகிட்டச் சொல்லலாம்ல?"

"சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு பவ்லோவா கேக் சுட்டு வெச்சிருக்கேன்னு குடுத்தாங்க. வாங்கிட்டுப் போயிட்டேன்." ஃபின்லே தலையைக் குனிந்துகொண்டான். "படம் பார்க்கறப்பத் தானாத் தெரியட்டும்னு விட்டுட்டேன்."

டெஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்ப ஓவன்? தபால்காரி? பல் டாக்டர்?"

"அவங்க எல்லாம் தூங்கியிருப்பாங்க. ரேவின் பதட்டத்துல கண்ணை மூடிக்கிட்டிருந்திருப்பாங்க. நீங்க எழுதினதும், தூங்கினப்ப வந்துடுச்சு போலன்னு நினைச்சிருப்பாங்க. யாரு ஒத்துக்குவா?"

இது போதாதென்று ஃபின்லே போனை நீட்டினான். ஆக்லாந்தின் பெரிய பத்திரிகைக்காரர் எழுதியிருந்தார்: "இரண்டு மணி ஐம்பது நிமிட வெந்நீர். இயக்குநர் ஒரு கெட்டிலை வைத்து எடுத்திருந்தாலும் இதே அனுபவம்தான். ஆனால் ஒன்று, அந்த மூன்றாவது கரிக்காரியின் மரணம். அதற்காக இந்தப் படத்தை மன்னிக்கலாம்."

"இவரு பார்த்தாரா?"

"இணையத்துல அனுப்பி வெச்சேன். எத்தனை நிமிஷம் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். ஒன்பது நிமிஷம். அதுல நாலு நிமிஷம் எழுத்து ஓடுது."

வெலிங்டன் வானொலிக்காரி அந்த மரணத்தை உழைக்கும் பெண்களின் மௌனம் என்றிருந்தாள். லண்டன் இணைய இதழ் ஒன்று, படத்துக்கு ஒரு நட்சத்திரமும் மரணத்துக்கு நாலு நட்சத்திரமும் கொடுத்திருந்தது.

"இருக்கிற ஒரே நல்ல பேரு, இல்லாத ஒரு சீனுக்கு" என்றான் ஃபின்லே. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"விடு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போனால் ரேவின் போனில் இருந்தாள். "ஆமா கிளெனிஸ். அடுத்த மாசம் மறுபடி போடறாங்க. நீயும் வா, உன் பௌல்ஸ் விளையாட்டு கிளப் பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வா."

கிளெனிஸ் ரேவினின் அக்கா, பக்கத்து ஊரான டிமாருக்காரி. முகத்துக்கு நேரே பேசுகிற ஜாதி. சினிமாவில் தூங்கவும் மாட்டாள். "எங்கடி உன் சீனு?" என்று நடு ஹாலில் எழுந்து நின்று கேட்பாள்.

டெஸ் தோட்டத்துக்குப் போய் ஃபின்லேயைக் கூப்பிட்டார். "தம்பி, மறுபடி எடு."

"எதை?"

"என் பொண்டாட்டி சாவை."

வெட்டினது தெரியாமல் மறுபடி எடுப்பது எப்படி? வெளிநாட்டுப் பதிப்புக்குக் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று சொல்வதாக ஏற்பாடு. அங்கேதான் தப்புப் பண்ணினார்கள். பெரிதாக என்ற வார்த்தையை ஒரு நடிகையிடம் சொல்லலாமா?

"எவ்வளவு பெருசு?" என்றாள் ரேவின்.

"ஒரு அஞ்சு விநாடி" என்றான் ஃபின்லே.

"லண்டன்காரங்க என்னைத்தானே பார்க்க வர்றாங்க? அஞ்சு விநாடியில நான் என்னத்தைச் சாகறது? விழறப்ப ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்குமே."

ஃபின்லே டெஸ்ஸைப் பார்த்தான். டெஸ் ஃபின்லேயைப் பார்த்தார். இருவரும் ஓமருக்காரர்கள்.

"நல்ல யோசனை" என்றான் ஃபின்லே.

ரெண்டு வார்த்தை ரெண்டு பக்கமாக வந்து சேர்ந்தது. கரிக்காரி முதலில் அரசியை மன்னிக்கிறாள், பிறகு டிராகனை மன்னிக்கிறாள். மண்வெட்டியை நாலாவது கரிக்காரிக்கு எழுதி வைக்கிறாள். கண்ணை மூடுகிறாள், மறந்துபோன ஒன்றைச் சொல்வதற்காகத் திறக்கிறாள். நடுவில் ஒரு பாட்டு. டெஸ் தன் பால் இயந்திரக் குழாயை வைத்துப் புகை விட்டார். இரண்டு நாள் இருமினார். எல்லாம் முடிந்து ஃபின்லே அளந்து பார்த்தபோது பதினோரு நிமிஷம்.

"கொஞ்சம் குறைக்கலாமா?" என்றார் டெஸ்.

"நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட" என்றான் ஃபின்லே.

குறைக்கவில்லை.

அடுத்த மாதம் காட்சி. கிளெனிஸும் பதினாலு பெண்களும் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை டெஸ் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். ஏழாவது நிமிஷத்தில் யாரோ செருமினார்கள். ஒன்பதாவது நிமிஷத்தில் பின்வரிசையில் ஒருத்தர் கோட்டை மாட்டிக்கொண்டார். படம் முடிந்ததும் கிளெனிஸ் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"ரேவின், எங்க நாய்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கலைடி. அதுக்குப் பதினேழு வயசு."

ஆக்லாந்துக்காரர் இரண்டாம் தடவையும் எழுதினார். "காட்டுமிராண்டித்தனம். மூன்று விநாடியில் இருந்த காவியத்தை இயக்குநர் பதினோரு நிமிஷக் கூச்சலாக்கிவிட்டார். பழைய மரணத்தைப் பார்த்த நாங்கள் பாக்கியசாலிகள்." வெலிங்டன்காரிக்கு வானொலியிலேயே குரல் உடைந்தது. லண்டன் இதழ் நாலு நட்சத்திரத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டது.

ஊரும் அதையேதான் சொன்னது, முகத்துக்கு நேரே இல்லாமல், முதுகுக்குப் பின்னால் காதில் விழுகிற தூரத்தில்.

"முதல்ல செத்தாங்க பாரு, அது சாவு" என்றான் ஓவன், இன்னொருத்தருக்குக் கறி நிறுத்துக்கொண்டே. ரேவின் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு, வாங்காமலே திரும்பி வந்தாள்.

அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிப் பரணில் போட்டாள். பித்தளைக் கண்ணாடியையும் போட்டாள். ஐஸ் பெட்டியில் ஒட்டியிருந்ததை மட்டும் எடுக்கவில்லை. அதன் முன்னாலேயே நின்றாள்.

"நான்தான் பேராசைப்பட்டுக் கெடுத்துட்டேன் இல்ல?"

"அதெல்லாம் இல்லை ரேவின்."

"அந்த மூணு விநாடி அவ்வளவு நல்லாவா இருந்துச்சு டெஸ்?"

டெஸ்ஸுக்குப் பால் மெஷினில் விரலைக் கொடுத்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "நல்லா இருந்துச்சு" என்றார்.

"அதை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும் எனக்கு. அப்புறம் நான் எதுவும் கேட்கலை."

அவள் கேட்டதை நீராவி வேஷம் போடுகிற சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விசேஷக் காட்சி, பழைய பதிப்பு, பழைய மரணம், எல்லாரும் வருக, ஆளுக்கு ஒரு தட்டு பலகாரம் கொண்டுவருக என்று கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிவிட்டார்கள். ஆக்லாந்துக்காரர் விமானத்தில் வருகிறாராம்.

ஃபின்லே சனிக்கிழமையே இன்வர்கார்கிலில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். காய்ச்சல் என்று செய்தி அனுப்பினான். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ் ஒரு முடிவோடுதான் தானியக் கிடங்குக்கு வந்தார். விளக்கு அணைவதற்குள் ரேவினைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இருட்டில் இல்லாத மூன்று விநாடிக்காக அவள் கண்ணைக் கொட்டாமல் காத்திருப்பதைப் பார்க்க அவரால் முடியாது. சத்தியத்தை மீறினேன், ரக்பி கேட்கப் போனேன், உன்னைப் பார்க்கவே இல்லை, எழுதினதெல்லாம் நம் அடுப்படித் தரை. சொன்னபிறகு வீட்டுக்குள் விட்டால் வீடு, இல்லாவிட்டால் வண்டி.

உள்ளே எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் ரேவின் உட்கார்ந்திருந்தாள். பரணிலிருந்து தொப்பியை இறக்கித் துடைத்து மாட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் டெஸ்ஸின் தைரியம் ஆவியாகிவிட்டது. பக்கத்துச் சமையலறைக்குள் புகுந்துகொண்டார்.

அங்கே நோலீன் டஃப் மட்டும் இருந்தாள். இருபது வருஷமாக அந்தக் கிடங்கில் எந்த விசேஷம் நடந்தாலும் டீ அவள் பொறுப்பு. டீப் பாத்திரத்தை விட்டு நகர மாட்டாள். சீஸ் ரோலுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன டெஸ், பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"நோலீன், நான் ஒரு விஷயம் சொல்றேன். நீ திட்டறதாயிருந்தா திட்டு. ரேவின்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒரு தடவை சொல்லிப் பழகணும்."

"சொல்லு."

"முதல் காட்சி அன்னைக்கு நான் இடைவேளைக்கு மேல உள்ளேயே இல்லை. கம்பளிக் கிடங்குக்குப் பின்னாடி வண்டியில உக்காந்து ரக்பி கேட்டுக்கிட்டு இருந்தேன். ரேவினோட சாவை நான் பார்க்கவே இல்லை. அது படத்துலயே கிடையாது. பேப்பர்ல எழுதினது பூரா நானாக் கட்டினது. அவ என்னை நம்பி, அதை நம்பி, ஊர் முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தா. இப்ப அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நோலீன் கத்தியை வைத்தாள். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"ஏன்யா, நீ எதுக்கு வண்டியில தனியாக் குளிர்ல விறைச்சுக்கிட்டு கிடந்தே? இங்க வந்திருந்தா நானும் ரேவினும் கேட்ட ரேடியோவுலயே நீயும் உக்காந்து கேட்டிருக்கலாமே."